எபேசுக்கு 75 நிமிடம், தோல் கடைக்கு 90 நிமிடம்

துருக்கிக்கு 8 நாள் கோச் டூர் என்று ஒன்றை ஊரெல்லாம் விற்கிறார்கள். இஸ்தான்புல்லில் கிளம்பி அங்காரா, கப்படோக்கியா, கோன்யா, பமுக்கலே, எபேசு என்று ஒரு வளையம். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் படம் எது? எபேசு என்கிற பழைய ரோமானிய நகரத்தின் இடிபாட்டில் நிற்கும் செல்சஸ் நூலகத்தின் முகப்பு. அந்த முகப்புக்கு முன்னால் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு பன்னிரண்டு நிமிடம். அதிலும் எட்டு நிமிடம் குரூப் போட்டோவுக்குப் போய்விடும். விளம்பரத்தில் எங்குமே படம் இல்லாத ஒரு தோல் ஜாக்கெட் கடையில் அதே நாள் ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். கேட்டால், "குரூப் டூர்னா அப்படித்தான் சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்." எதை அட்ஜஸ்ட் பண்ணுவது? பழைய ஊரைப் பார்க்கத்தானே ஐயா காசு கட்டினோம்!

எபேசை ஒழுங்காகப் பார்க்க என்ன வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடிபாடுகள் ஒரு சரிவில் இருக்கின்றன. மேல் வாசலில் பேருந்து இறக்கிவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து கீழ் வாசலில் காத்திருக்கும். நடை இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டரில் ஓடியோன் என்கிற சிறு அரங்கம், குரேட்டஸ் வீதி, ஹட்ரியன் கோயில், நூலகம், பளிங்கு வீதி, ஏறத்தாழ 25,000 பேர் உட்காரும் பெரிய அரங்கம், அங்கிருந்து பழைய துறைமுகத்துக்குப் போகும் அகலச் சாலை எல்லாம் வரிசையாக வருகின்றன. ஆற்று வண்டல் படிந்து படிந்து துறைமுகம் தூர்ந்துபோனதால்தான் இந்த ஊரே செத்தது. இன்று கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அரங்கத்தின் மேல் படிகளில் ஏறி நின்று பார்த்தால் மட்டுமே இந்தக் கதை கண்ணுக்குத் தெரியும். ஏற இருபது நிமிடம் வேண்டும். தருவார்களா?

நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள தூண்களை ஓரத்துத் தூண்களைவிடப் பெரிதாக வைத்து, அடித்தளத்தையும் லேசாக வளைத்து, முகப்பு உள்ளதைவிட அகலமாகத் தெரியும்படி கண்ணை ஏமாற்றியிருக்கிறான் அந்தக் கட்டடக்காரன். அடியில் ரோமானிய ஆளுநர் செல்சஸின் கல்லறை. மாடங்களில் நிற்கும் நான்கு பெண் சிலைகளும் நகல், அசல்கள் வியன்னாவில். விழுந்து கிடந்த கற்களைப் பொறுக்கி முகப்பை மீண்டும் நிறுத்திய வேலை 1970 முதல் 1978 வரை நடந்தது. எட்டு ஆண்டு உழைப்புக்கு எட்டு நிமிட செல்ஃபி.

இது போக, அடுக்கு வீடுகள். குரேட்டஸ் வீதியின் ஓரத்தில், பெரிய கூரைக்குக் கீழே, பணக்காரர்கள் வாழ்ந்த வீடுகள் மொசைக் தரையும் சுவரோவியமும் கலையாமல் இருக்கின்றன. இதற்குத் தனிச் சீட்டு. அதனாலேயே முக்கால்வாசி பேக்கேஜில் இது கிடையாது. வழிகாட்டி கையை மட்டும் நீட்டிவிட்டு நடந்துவிடுவார். முழுதாகப் பார்க்க 40 நிமிடம் போதும். பக்கத்தில் செல்ச்சுக் ஊரில் ஓர் அருங்காட்சியகம்; எபேசின் புகழ்பெற்ற ஆர்ட்டெமிஸ் தேவியின் சிலைகள் நிற்பது அங்கேதான். அதற்கு ஒரு மணி நேரம். ஏழு உலக அதிசயங்களில் ஒன்றான ஆர்ட்டெமிஸ் கோயிலில் இன்று ஒட்டுப்போட்டு நிறுத்திய ஒற்றைத் தூண்தான் மிச்சம். அதற்குக் கால் மணி. கூட்டிப் பாருங்கள். காலை 8 மணிக்கு மேல் வாசலில் நின்றால் மதியம் ஒரு மணிக்குள் அத்தனையும் முடிந்து சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நாள் போதவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நடப்பதோ வேறு. பமுக்கலேயில் காலை 8 மணிக்குக் கிளம்பிச் சுமார் 190 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். 11 மணிக்கு எபேசுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறீர்கள். வந்ததும் வண்டி வலப்பக்கம் ஒடிக்கிறது, தோல் கடை. பிறகு சாப்பாடு. எபேசு வாசலில் கால் வைக்கும்போது மணி இரண்டு. ஜூலை மாதம், தலைக்கு மேல் வெயில், கீழே பளிங்குத் தரை கண்ணைக் கூசுகிறது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஏசி வேண்டிய நேரத்தில் கல், கல் பார்க்க வேண்டிய நேரத்தில் ஏசி! எழுபது வயது அம்மா ஒருவர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால் மொத்தக் குழுவும் நிற்கும், அல்லது அவரை விட்டுவிட்டு ஓடும். கழிவறை வாசல்களில்தான் இருக்கிறது. நடுவில் இருப்பது ரோமானியர் காலத்துக் கழிவறை. அதில் உட்கார்ந்து படம் எடுக்கத்தான் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஏன் கடைக்குப் போகிறோம் என்றால் ஓட்டுநருக்கு ஓய்வு வேண்டுமாம். இது அரை உண்மை. துருக்கியின் போக்குவரத்து விதிப்படி ஒரு பேருந்து ஓட்டுநர் தொடர்ந்து நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, பிறகு 45 நிமிடம் ஓய்வு, 24 மணி நேரத்தில் மொத்தம் 9 மணி நேரம்தான். நல்ல விதி, நம் உயிருக்காக வைத்தது. அந்த 45 நிமிடத்தை அருங்காட்சியக வாசலில் எடுத்தால் சக்கரம் கழன்றுவிடுமா?

உண்மையான காரணம் கணக்கில் இருக்கிறது. இங்கே நீங்கள் கட்டும் பணம் அங்கே வண்டி, அறை, சாப்பாடு, வழிகாட்டி எல்லாவற்றுக்கும் போதாத அளவுக்கு விலையை அடித்து விற்கிறார்கள். அங்குள்ள நிறுவனம் அந்தப் பள்ளத்தைக் கடைத் தரகில் நிரப்பிக்கொள்கிறது. வாடிக்கையாளரைக் கடைக்கு ஓட்டிவந்து தரகு வாங்குவதற்குத் துருக்கியில் 'ஹானுத்' என்றே ஒரு சொல் புழங்குகிறது. சுற்றுலா வழிகாட்டிக்கு அரசு உரிமம் கட்டாயம். 2012ஆம் ஆண்டின் 6326ஆம் எண் சட்டம் அதைச் சொல்கிறது. இங்கிருந்து கூடவே வரும் டூர் மேனேஜர் இடிபாட்டில் நின்று விளக்கம் சொல்லக்கூட முடியாது. குறைந்தபட்ச நாள் கூலியை அரசே ஆண்டுதோறும் அறிவிக்கிறது. படித்துத் தேர்வெழுதி உரிமம் வாங்கிய ஆளைக் கம்பள வியாபாரிக்கு ஆள்பிடிக்க வைப்பது இருக்கிறதே, அது அவருக்கும் அவமானம்.

கம்பளக் கடைக்குள் நடப்பதெல்லாம் எழுதி வைத்த நாடகம். முதலில் ஆப்பிள் டீ. அடுத்து வெந்நீரில் மிதக்கும் பட்டுக்கூடு. அதிலிருந்து நூல் இழுத்துக் காட்டுவார்கள். தறியில் ஒரு பெண் இரட்டை முடிச்சு போட்டுக் காட்டுவார், அதுதான் கோர்தெஸ் முடிச்சு. இதுவரை சுவாரசியம்தான், மறுக்கவில்லை, பதினைந்து நிமிடம். பிறகு ஒரு பெரிய கூடம், சுற்றிலும் பெஞ்சு. கம்பளத்தைச் சுருளாகத் தூக்கி வந்து படார் படாரென்று விரிப்பார்கள். கதவு சாத்தப்படும். அந்த நொடியில் எங்கிருந்தோ தம்பதிக்கு ஒரு விற்பனையாளர் முளைப்பார். கடை நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக இருக்கும், பக்கத்தில் வேறு எதுவும் இருக்காது, வண்டிக்குப் போனால் எஞ்சினை அணைத்திருப்பார்கள், அடுப்பு மாதிரி கொதிக்கும். வெளியே போகும் வழி எல்லா அறைகளையும் சுற்றித்தான் வரும். தோல் கடையில் இதற்குப் பதில் ஃபேஷன் ஷோ, பயணிகளையே மேடையில் ஏற்றி நடக்க விடுவார்கள். நகைக் கடையில் விளக்கு மாற்றினால் நிறம் மாறும் சுல்தானைட் கல். வேடம்தான் வேறு.

இன்னொன்று. எபேசின் பெரிய அரங்கத்தைப் பைபிள் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆர்ட்டெமிஸுக்கு, தமிழ்ப் பைபிளில் தியானாளுக்கு, வெள்ளியில் குட்டிக் கோயில் செய்து விற்ற தெமேத்திரியு என்கிற தட்டான், கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்த பவுலின் பிரசங்கத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று தொழிலாளரைத் திரட்டினான். ஊரே அந்த அரங்கத்துக்குள் புகுந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கத்தியது. நினைவுப்பொருள் வியாபாரத்துக்காகக் கூடிய கூட்டத்துக்கே இரண்டு மணி நேரம் கொடுத்த அரங்கம் அது. பைபிளில் வரும் ஏழு சபைகளின் ஊர்களுக்கு யாத்திரை என்று அதைப் பார்க்கவே போகிறவர்களுக்குப் பத்து நிமிடம்.

பயணத் திட்டத்தை வாங்கியதும் வினைச்சொற்களைப் படியுங்கள், ஊர்ப்பெயர்களை அப்புறம் பார்க்கலாம். 'விசிட்' என்று இருந்தால் உள்ளே போவீர்கள், நுழைவுச்சீட்டு சேர்த்தி. 'வியூ' அல்லது 'சீ' என்றால் வெளியில் நின்று எட்டிப் பார்ப்பது. 'போட்டோ ஸ்டாப்' பத்து நிமிடம். 'பனோரமிக் டூர்' என்றால் வண்டியின் கண்ணாடி வழியாக, அதுவும் நீங்கள் தவறான பக்கம் உட்கார்ந்திருந்தால் எதிர்வரிசைக்காரரின் தலை வழியாக. 'ஆப்ஷனல்' என்றால் அங்கே போய்த் தனிக் காசு. 'லோக்கல் கிராஃப்ட் டெமான்ஸ்ட்ரேஷன்' என்று அழகாக எழுதியிருந்தால் அது கடை. சந்தேகமே வேண்டாம்.

நாற்பது பேரை ஒரு பேருந்தில் இருந்து இறக்க ஏழெட்டு நிமிடம், ஏற்றி எண்ணிச் சரிபார்க்கப் பத்து நிமிடம். ஆறு நிறுத்தம் என்றால் படியிலேயே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போய்விடும். இதைத் திட்டத்தில் எவரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு கடை நிறுத்தமும் கடை நேரத்தோடு சேர்த்து இந்தக் கால் மணியையும் விழுங்குகிறது. காதில் மாட்டும் ரேடியோ கருவி வேறு. சேனல் எண்ணைக் காலையிலேயே சரிபார்க்காவிட்டால் பக்கத்துக் குழுவின் ஸ்பானிஷ் விளக்கம் கேட்கும்.

பமுக்கலே இன்னும் கொடுமை. கோன்யாவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் ஓடி மாலையில்தான் வந்து சேரும். பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று வெண்சுண்ணப் படிகளுக்கு அருகில் உள்ள தெற்கு வாசலில் இறக்குவார்கள். வடக்கு வாசல் பக்கம் இருக்கும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட, ஹியராபோலிஸ் என்கிற பழைய நகரத்தின் இடுகாடு அப்படியே தவறிப்போகும். அங்கே ஒரு கல்பெட்டியின் மூடியில் நீர்ச்சக்கரத்தால் ஓடும் கல் அறுக்கும் எந்திரம் செதுக்கப்பட்டிருக்கிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டு. சுழற்சியை முன்பின் இயக்கமாக மாற்றும் வளைதண்டு அமைப்புக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று அதுதான். பொறியியல் படித்தவர்கள் நிறைந்த வண்டி, அதை அரை மணி நடையில் விட்டுவிட்டுத் திரும்புகிறது. படிகளில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதையும் அங்கே போய்த்தான் சொல்வார்கள், ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். படத்தில் இருப்பதுபோல எல்லாக் குளத்திலும் நீலத் தண்ணீர் நிற்காது. படிவு கெடாமலிருக்க முறைவைத்துத்தான் நீர் விடுகிறார்கள், பல குளங்கள் காய்ந்தே கிடக்கும். விற்கும்போது இதை ஒருவரும் சொல்வதில்லை.

நேரம் குறையக் குறைய விளக்கம் கதையாகிவிடுகிறது. எபேசின் பளிங்கு வீதியில் செதுக்கிய பாதச் சுவட்டைக் காட்டி 'விலைமாதர் வீட்டு விளம்பரம்' என்று சிரிக்கவைப்பார்கள். உறுதியான சான்று கிடையாது. எண்கோணக் கல்லறையைக் காட்டிக் கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோயே என்பார்கள். அங்கே கிடைத்த மண்டையோடு பதினான்கு வயதைத் தாண்டாத ஒரு பையனுடையது என்று வியன்னா ஆய்வாளர்கள் 2025 ஜனவரியில் வெளியிட்டுவிட்டார்கள். பேருந்து மைக்குக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

முன்பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்: எபேசுக்குள் எத்தனை மணிக்கு நுழைகிறோம், எத்தனை மணிக்கு வெளியே வருகிறோம், அடுக்கு வீடுகளின் சீட்டும் செல்ச்சுக் அருங்காட்சியகமும் சேர்த்தியா, பமுக்கலேயில் எந்த வாசல், மொத்தம் எத்தனை கடை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம். "ஷாப்பிங் கட்டாயம் இல்லை சார்" என்று பதில் வந்தால் அது பதிலே இல்லை. வாங்குவது கட்டாயமில்லைதான், உட்காருவது கட்டாயம். கிளம்பிய பிறகு என்றால் முதல் நாள் இரவே பத்துப் பேர் சேர்ந்து வழிகாட்டியிடம் பேசுங்கள்: எபேசு காலையில், கடை அதற்குப் பிறகு. பக்கத்துத் துறைமுகமான குஷாதசியில் பயணக் கப்பல் நிற்கும் நாளா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நின்றால் ஒன்பது மணிக்கு மேல் குரேட்டஸ் வீதியில் கால்வைக்க இடமிருக்காது. டிப்ஸ் கொடுப்பது கடைசி நாளில்தான் என்பது அவருக்கும் தெரியும்.

அப்புறம் அஃப்ரோடிசியாஸ் என்கிற இன்னொரு பழைய நகரம். பமுக்கலேயிலிருந்து எபேசு போகும் அதே நெடுஞ்சாலையில் இருந்து பிரிந்து போக முக்கால் மணி, வர முக்கால் மணி. முப்பதாயிரம் பேர் உட்காரும் விளையாட்டரங்கம், 260 மீட்டருக்கு மேல் நீளம், உலகில் இவ்வளவு முழுதாக எஞ்சியிருப்பது மிகக் குறைவு. கூட்டமும் கிடையாது. அந்தக் கிளைச்சாலைக்கான பழுப்புப் பலகையைச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்போது, வண்டிக்குள் மைக்கில் தோல் கடையின் தள்ளுபடி விவரம் ஓடிக்கொண்டிருக்கும்.