சதவீதம் என்பது ஒரு வழி மட்டுமே

மேலே ஒருவர், "ஆர்க்கிடெக்ட் கட்டணம் எப்போதும் கட்டுமானச் செலவில் சங்கம் நிர்ணயித்த சதவீதம்தான். அதனால்தான் வேண்டுமென்றே செலவை ஏற்றிவிடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே அப்படியே சரியல்ல.

சதவீதம் ஒரு முறை, அவ்வளவுதான். மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வதும் உண்டு, மணிக்கணக்கும் உண்டு, சதுர அடிக் கணக்கும் உண்டு. சதவீதத்திலும் எல்லோருக்கும் ஒரே எண் கிடையாது. கிடங்குக்குக் குறைவு, மருத்துவமனைக்கு அதிகம். பழைய வீட்டைப் புதுப்பிப்பதற்குப் பெரும்பாலும் இன்னும் அதிகம். சுவரை உடைத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், பாவம்! சங்கம் நிர்ணயிப்பது பற்றிச் சொன்னால், அமெரிக்காவில் அரசு தொடுத்த போட்டிச் சட்ட வழக்கில், உறுப்பினர்கள் கட்டணத்தைக் குறைத்துக் கேட்பதைத் தடுக்க மாட்டோம் என்று அங்குள்ள கட்டடக் கலைஞர் சங்கமே 1990-ல் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

செலவை ஏற்றுவது பற்றிய சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணம் 6 சதவீதம் என்றால், கட்டுமானச் செலவு 100 ரூபாயிலிருந்து 110 ஆனாலும் அவருக்குக் கூடுவது 60 பைசாதான். அதற்காக வரைபடத்தைத் திருத்தி, உரிமையாளரிடம் பேச்சும் வாங்கிக்கொள்வாரா? அப்படியும் பயமாக இருந்தால், சதவீதத்தை இறுதிச் செலவின் மேல் வைக்காமல், முதலில் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டின் மேல் வைக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், தளத்துக்கு எத்தனை முறை வருவார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.