மஞ்ஜாரே வந்த வழி
லத்தீன் மாண்டுகாரே, அதாவது மெல்லுதல், நேராக இத்தாலிய மஞ்ஜாரே (உண்ணுதல்) ஆகிவிட்டது என்று இங்கே வந்த சொற்பிறப்புக் கட்டுரை சொல்கிறது. இடையில் பிரான்ஸ் இருக்கிறதே! பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. இத்தாலிய மண்ணிலேயே வளர்ந்த வடிவம் மனிகாரே. இத்தாலியக் கவிஞர் தாந்தே, நரகத்தைப் பாடும் 'இன்ஃபெர்னோ'வின் 33ஆம் காண்டத்தில் அதைத்தான் வைக்கிறார்: பிள்ளைகளோடு சிறையில் கிடக்கும் உகொலினோ பிரபு துயரம் தாங்காமல் தன் கைகளைக் கடிக்கிறான், பிள்ளைகளோ அப்பாவுக்குப் பசி என்று நினைத்துவிடுகிறார்கள். பற்கள் சதையில் பதியும் அந்த இடத்தில் மெல்லுதல் என்ற பழைய பொருள் இன்னும் என் காதில் விழுகிறது. அப்புறம், 'உண்' என்று பொருள்படும் லத்தீன் எடெரே சுவடில்லாமல் அழிந்தது என்று கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். லத்தீனில் 'எஸ்த்' என்று எழுதினால் 'இருக்கிறான்', 'உண்கிறான்' இரண்டுமே ஆகும் என்பதால் அது தனியே நிற்கத் தடுமாறியது உண்மைதான். ஆனால் முன்னொட்டுச் சேர்ந்து கொமெதெரே ஆகி, ஸ்பானியத்தில் கொமேர் (உண்ணுதல்) என்று இன்றும் தினமும் புழங்குகிறது.