யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்டார்கள்

சென்ற வாரம் ஓர் இளம் ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்தார். பணம் கட்டினால் சிறந்த பொறியாளர் விருது தருவதாக ஒரு நிறுவனம் அவருக்கு எழுதியிருக்கிறது. "இபி-1ஏ மனுவில் சேர்த்தால் உதவுமா, அண்ணா?" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. இப்படி ஒரு வியாபாரம் இவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டதே என்றுதான் கொதித்தது. அவரிடம் பாதிதான் சொன்னேன்; மீதியை இங்கே எழுதுகிறேன்.

இபி-1ஏ, அசாதாரணத் திறன் உள்ளவர்களுக்கு அமெரிக்கா தரும் கிரீன் கார்டுக்கான வழி. வேலை தரும் நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டாம். அதற்கான ஐ-140 என்ற மனுவை நாமே தாக்கல் செய்யலாம். நோபல் போன்ற பெரும் பரிசு இல்லாதவர்கள் பத்து அளவுகோல்களில் மூன்றையாவது நிறைவு செய்ய வேண்டும். பொறியியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகள், பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டது, துறைக்கு அளித்த முக்கியமான சொந்தப் பங்களிப்பு ஆகியவற்றைக் காட்டுவார்கள். முதல் இரண்டும் எளிது. மூன்றாவதில்தான் வழுக்கும். அதைத் தாண்டினாலும் முடிந்துவிடாது. 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தந்த கசாரியன் தீர்ப்புக்குப் பிறகு, எல்லா ஆதாரங்களையும் ஒன்றாக வைத்து, இவர் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவர்தானா என்று குடிவரவு அதிகாரி இன்னொரு முறை எடைபோடுகிறார்.

என் ஆய்வு கான்கிரீட் பாலங்கள் பற்றியது. பனியை உருக்குவதற்காகச் சாலையில் கொட்டும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி, உள்ளிருக்கும் கம்பியை அரிக்கிறது. எத்தனை ஆண்டுகளில் அது கம்பியைத் தொடும் என்று கணிக்கும் முறை ஒன்றில் பத்தாண்டுகள் உழைத்திருக்கிறேன். என் மனுக்கட்டில் மேற்கோள் எண்ணிக்கை, இதழ்களின் தரவரிசை, என் பேராசிரியரும் நண்பர்களும் எழுதிய புகழுரைகள் எல்லாம் இருந்தன. 2024-இல் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. அதன் சாரம் ஒரே கேள்வி: இந்த முறையை வேறு யார் பயன்படுத்தினார்கள்?

இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு, அது நியாயமான கேள்வி என்று பட்டது. என்னை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை முதன்முறையாக ஒவ்வொன்றாகப் படித்தேன். பெரும்பாலானவை முன்னுரையில் ஐந்தாறு பெயர்களோடு என் பெயரையும் சொல்லிக் கடந்துபோயின. சில மட்டுமே என் சமன்பாட்டைத் தங்கள் தரவுகளில் பொருத்திப் பார்த்திருந்தன. ஒரு மாநிலத்தின் பாலப் பொறியாளர், எந்தப் பாலத்தை முதலில் பழுதுபார்ப்பது என்று முடிவெடுக்கவே அதைப் பயன்படுத்தியிருந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை. எழுதிக் கேட்டேன்; ஒன்றரைப் பக்கக் கடிதம் அனுப்பினார். புகழ்ச்சியாக ஒரு சொல் இல்லை. எந்தப் பாலம், எந்த ஆண்டு, என்ன கணக்கு, அவ்வளவுதான். மனு ஏற்கப்பட்டது.

இந்தியாவில் பிறந்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-இல் நிறுவனம் வழியாக, கிரீன் கார்டுக்கான அடுத்த பிரிவான இபி-2-இல் எனக்கு ஒரு மனு ஏற்கப்பட்டிருந்தது. வரிசையில் நம் இடத்தைத் தீர்மானிப்பது முன்னுரிமைத் தேதி. அந்தப் பழைய தேதியை, இபி-1ஏ அடங்கிய இபி-1 வரிசைக்கும் கொண்டுவர விதி இடம் தருகிறது. இந்தியர்களுக்கான இபி-2 வரிசை 2024-இலும் 2012-ஆம் ஆண்டுத் தேதிகளிலேயே நின்றிருந்தது. பிள்ளைக்கு 21 வயதாகி, பெற்றோரோடு கிரீன் கார்டு பெறும் வாய்ப்பு போய்விடுமோ என்று நாள் எண்ணும் பெற்றோர் எத்தனை பேர்! வரிசையின் இந்த நீளம்தான் மக்களை விருதுக் கடைகளுக்குத் துரத்துகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனாலும், விலைக்கு வாங்கிய விருது அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்லும்? இதன் கேடு, விருதை வாங்கியவரோடு நிற்பதில்லை. போலி விருதுகளைப் பார்த்துப் பழகிய கண், உண்மையாக உழைத்துப் பெற்ற விருதையும் சந்தேகத்தோடுதானே பார்க்கும்? அந்தச் சந்தேகத்தைச் சுமக்கப்போவது அடுத்து மனுப் போடும் நம் பிள்ளைகள்.

அந்தத் தம்பி மின்கலங்கள் சூடாவதைப் பற்றி ஆய்வு செய்கிறார். பணத்தைக் கட்டாதீர்கள், உங்களை மேற்கோள் காட்டியவர்களைப் படியுங்கள் என்றேன். நேற்று இரவு செய்தி அனுப்பியிருந்தார். நாற்பது கட்டுரைகளைப் படித்துவிட்டாராம். அவற்றில் இரண்டு, அவருடைய கணிப்பு முறையை அப்படியே எடுத்தாண்டிருக்கின்றனவாம்.