குடத்தை வைத்துவிட்டுப் போனவள்

தவக்காலத்தின் 3ஆம் ஞாயிறன்று, கத்தோலிக்கத் திருச்சபையின் மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் முதலாம் ஆண்டுக்குரியபடி, யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். யாக்கோபின் கிணற்றருகே இயேசு களைத்து உட்கார்ந்திருக்கிறார், சமாரியப் பெண் ஒருத்தி தண்ணீர் மொள்ள வருகிறாள், வேளை நண்பகல். அந்த நண்பகலுக்கு நான் கேட்ட மறையுரைகளிலெல்லாம் ஒரே விளக்கம்தான்: ஐந்து கணவர்களைக் கண்டவள், ஊர்ப் பெண்களின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, ஆளில்லாத நேரம் பார்த்து வந்தாள். அவள் வெட்கப்பட்டாள் என்று யோவான் ஒரு சொல்கூட எழுதவில்லை. அந்த ஐந்து பேரும் இறந்தார்களா, தள்ளிவைத்தார்களா என்பதும் அதில் இல்லை.

தங்கச்சிமடத்தில் வளர்ந்த எனக்கு அந்த விளக்கம் சிறு வயதிலேயே இடித்தது. எங்கள் பக்கம் கடற்கரை மணலில் இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும். அதை ஊத்து என்போம். விடியுமுன்னே போனவர்கள் நாலைந்து குடம் எடுத்ததும் ஊத்து கலங்கிவிடும், பிறகு ஊறித் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். அம்மா மீன் வேலை முடித்து, உச்சிவெயிலில் போய், ஊத்தின் ஓரத்தில் குந்தி, சிரட்டையால் கோரிக் கோரி, குடத்தின் வாயில் கட்டிய பழஞ்சேலைத் துணியில் ஊற்றுவார். அம்மா அந்த நேரத்தில் போனதற்கு வெட்கம் காரணமல்ல, ஊற்றெடுக்கும் வேகம்தான் காரணம். யாக்கோபின் கிணறு பாறையில் ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு இறங்குவது, எங்கள் மணல் குழியோடு ஒப்பிட முடியாதது என்பது தெரியும். ஆனாலும், தண்ணீருக்குப் போகும் பெண்ணின் நேரத்தை அவளுடைய ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுபவர்கள் குடம் சுமந்தவர்களாக இருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் வருகின்றன. அந்தப் பெண் ‘கிணறு ஆழமாயிற்றே’ என்னும்போது வெட்டப்பட்ட கிணற்றைக் குறிக்கும் ‘ப்ரேயார்’; குடித்தால் மறுபடி தாகமெடுக்காத தண்ணீரைத் தாம் தருவதாக இயேசு பேசும்போது ஊற்றைக் குறிக்கும் ‘பெகே’. அவள் குழியைப் பார்க்கிறாள், அவர் சுரப்பைப் பார்க்கிறார் என்று இதை அழகாக விரிக்கலாம். எங்கள் ஊத்தில் இரண்டும் ஒன்றே, குழியும் அதுதான், சுரப்பும் அதுதான். ‘தண்ணீர் மொள்ள நான் இங்கே வர வேண்டியிராதபடி அந்தத் தண்ணீரைத் தாரும்’ என்று அவள் கேட்டதை அறியாமை என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. தினமும் மூன்று நடை நடப்பவள் வேறு எதைக் கேட்பாள்?

ஈசாக்கின் கிணறுகளுக்கும் இதே கதிதான். ஆபிரகாம் காலத்தில் தோண்டியவற்றைப் பெலிஸ்தியர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட, மகன் மறுபடி தோண்டுகிறான் என்கிறது விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் 26ஆம் அதிகாரம். 3ஆம் நூற்றாண்டின் மறை அறிஞர் ஒரிகன், அந்த மண்ணை வெறும் சொற்பொருள் என்றும், அதை அகற்றி ஆழம் போனால்தான் ஆவிக்குரிய பொருள் கிடைக்கும் என்றும் விளக்கினார். ‘ரொம்பத் தோண்டாதடா, உப்பு ஏறிரும்’ என்று அம்மா அதட்டியது இதைப் படிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும். இந்தக் கரையில் மழைத் தண்ணீர் கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மேலாகக் கோரினால் இனிக்கும், ஆழம் போனால் கரிக்கும். எங்களுக்கு அந்தத் தண்ணீரைத் தாங்கி வைத்திருப்பதே மண்தான். ‘இந்தத் தண்ணீர் எங்களுடையது’ என்று கெரார் மேய்ப்பர்கள் ஈசாக்கின் ஆட்களோடு சண்டையிட்டதற்கு உட்பொருள் தேடுமுன், குழாயடியில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கலாம்.

இயேசுவோடு பேசிய சமாரியப் பெண் குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு ஊருக்குள் போகிறாள். அவள் விட்டுச்சென்ற குடத்தைப் புனித அகுஸ்தீனார் உலக ஆசை என்றார். மறையுரைகளில் அது துறந்த பழைய வாழ்க்கை. பூசை முடிந்து வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேன். ‘குடத்த வச்சுட்டுப் போனா திரும்பி வருவான்னுதானப்பா அர்த்தம்? வரிசையில இடம் போடுறதுக்கு நாம வைக்கலையா?’ என்றார்.

குடம் என்ன ஆயிற்று என்று யோவான் சொல்லவில்லை. முதலில் அவளிடம் ‘குடிக்கத் தண்ணீர் தாரும்’ என்று கேட்ட இயேசுவுக்கு அது கிடைத்ததா என்றும் எழுதவில்லை. ஆனால் ஊரார் கேட்டுக்கொண்டபடி இயேசு அங்கே இரண்டு நாள் தங்கினார். அந்த இரண்டு நாளும் யாரோ அந்த 40 மீட்டர் ஆழத்திலிருந்து அவருக்கு மொண்டு கொடுத்திருக்க வேண்டும்.