நடிகரே இல்லாத படத்துக்கு ட்ரெயிலர் எங்கிருந்து வந்தது?

புது ஜேம்ஸ் பொண்ட் படத்தின் ட்ரெயிலர் என்று ஒன்றை எங்கட குழுவில் போட்டு, படம் பார்க்கப் போகக் காசு சேர்த்த அந்த வேன் விசயத்தில் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று நிறையப் பேர் இன்பொக்ஸில் கேட்டுவிட்டீர்கள். வாங்கின காசைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் பொறுத்திருந்தேன். கொடுத்தாயிற்று, நல்லது. யார் சேர்த்தது, எவ்வளவு சேர்த்தது என்ற கதைக்குள் நான் போகவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு நோவது காசு இல்லை. "இது உண்மையா அண்ணா? இன்னும் ஷூட்டிங்கே தொடங்கேல்லையே" என்று அந்த ட்ரெயிலர் பதிவுக்குக் கீழே மரியாதையாகக் கேட்ட பொடியனை, "பெரிய ஹொலிவூட்காரர் வந்திட்டார்" என்று ஆளாளுக்குப் பகிடி பண்ணி, கடைசியில் குழுவை விட்டே தூக்கினீர்களே, அதுதான் நோகிறது.

அவன் கேட்டது சரியான கேள்வி. புது ஜேம்ஸ் பொண்ட் படம் என்று ட்ரெயிலர் போட்டு, திகதி போட்டு, முதல் நாள் காட்சிக்குத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வேன் என்று முன்பணம் வாங்கினார்கள். அந்தப் படத்துக்கு, நான் இதை எழுதும் இந்த நேரம் வரைக்கும், நடிகர் யார் என்றே அறிவிக்கவில்லை. நடிகர் இல்லாத படத்துக்கு ட்ரெயிலர் வராது. இது ஒரு பெரிய ஆராய்ச்சி இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடைசியாக வந்த பொண்ட் படம் "நோ டைம் டு டை" 2021 செப்டெம்பர் கடைசியில் வெளியானது. அதோடு பொண்டாக நடித்த டேனியல் கிரேய்க் விடைபெற்றார். 2022 மார்ச்சில் அமேசன், பொண்ட் படங்களில் பங்குள்ள எம்ஜிஎம் ஸ்டூடியோக் கொம்பனியை 8.45 பில்லியன் டொலருக்கு வாங்கி முடித்தது. வாங்கினால் உடனே படம் எடுக்கலாம்தானே என்று கேட்பீர்கள். எடுக்க ஏலாது. யார் நடிப்பது, யார் இயக்குவது, எப்போது தொடங்குவது என்ற முடிவெல்லாம் தயாரிப்பாளர்களான பார்பரா புரொக்கோலி, மைக்கேல் ஜி. வில்சன் இரண்டு பேரின் கையில்தான் இருந்தது. பார்பராவின் தகப்பன் 1961இல் தொடங்கி வைத்த குடும்பத் தொழில் அது. காசு ஒரு பக்கம், அதிகாரம் இன்னொரு பக்கம் என்று கிட்டத்தட்ட மூன்று வருசம் ஒன்றும் அசையவில்லை. 2025 பெப்ரவரியில்தான் அந்த அதிகாரம் அமேசன் பக்கம் போனது. மார்ச்சில் ஏமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும் தயாரிப்பாளர்கள் என்று சொன்னார்கள். ஜூனில் இயக்குநர் டெனி வில்னெவ் என்றார்கள். அதன் பிறகு எழுத்தாளர் ஸ்டீவன் நைட். அந்த வில்னெவின் கையில் "டியூன்" மூன்றாம் பாகம் இருக்கிறது. அது 2026 டிசம்பருக்குக் குறித்த படம். ஒரு மனுசன் ஒரு பெரிய படத்தை வெட்டி ஒட்டி முடிக்காமல் இன்னொரு பெரிய படத்துக்குக் கமெரா வைக்க மாட்டார்.

"ரகசியமாக எடுத்திருப்பார்கள், உனக்குச் சொல்லிவிட்டா எடுப்பார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்விக்கு நேரம் எடுத்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நம்பித்தான் பலர் காசு கட்டினார்கள்.

பொண்ட் படத்தை ரகசியமாக எடுக்க ஏலாது. லண்டனுக்குப் பக்கத்தில் பைன்வுட் என்ற ஸ்டூடியோவில் இந்தப் படங்களுக்காகவே 1976இல் ஒரு பெரிய கொட்டகை கட்டினார்கள், "007 ஸ்டேஜ்" என்று. 1984இல் எரிந்தது, திரும்பக் கட்டினார்கள். 2006இலும் எரிந்தது, அதையும் கட்டினார்கள். அதற்குள் செட் போடவே மாதக்கணக்கு ஆகும். வெளிநாட்டுப் படப்பிடிப்பு என்றால் தெருவை மூட வேண்டும், ஊர்ச் சபையில் அனுமதி எடுக்க வேண்டும், நூற்றுக்கணக்கான ஆட்கள் ஹோட்டலில் தங்க வேண்டும். ஒரு தெருவை மூடினால் அந்தத் தெருச் சனம் போனைத் தூக்காமலா இருக்கும்? போன படத்துக்கு ஜமைக்காவில் எடுக்கும்போது கிரேய்க்கின் கணுக்காலில் அடிபட்டது, உடனே உலகம் முழுக்கச் செய்தி.

முந்தின படங்களின் கணக்கைப் பாருங்கள். கிரேய்க் தான் அடுத்த பொண்ட் என்று 2005 ஒக்டோபர் 14ஆம் திகதி தேம்ஸ் ஆற்றில் படகில் கொண்டுவந்து காட்டினார்கள். "கசினோ ரோயல்" வந்தது 2006 நவம்பரில். பெயர் சொன்னதிலிருந்து படம் வரப் பதின்மூன்று மாதம். "ஸ்பெக்டர்" படத்துக்கு 2014 டிசம்பர் தொடக்கத்தில் பெயரையும் நடிகர்களையும் காரையும் மேடையில் வைத்துக் காட்டினார்கள். முதல் டீசர் 2015 மார்ச்சில், படம் ஒக்டோபரில். "நோ டைம் டு டை" படப்பிடிப்பு 2019 ஏப்ரலில் தொடங்கியது, பெயரை ஓகஸ்டில் சொன்னார்கள், ட்ரெயிலர் டிசம்பர் மாதம். அதாவது கமெரா ஓடத் தொடங்கி ஏழு மாதத்துக்குப் பிறகுதான் ட்ரெயிலர். இந்த வரிசை பெரும்பாலும் இப்படித்தான்: முதலில் நடிகர், பிறகு படப்பிடிப்புத் தொடக்கம், பிறகு படத்தின் பெயர், அல்லது பெயரும் தொடக்கமும் ஒன்றாக. ட்ரெயிலர் எப்போதும் பின்னால்தான் வரும். நீங்கள் பகிர்ந்ததோ எடுத்த எடுப்பிலேயே ட்ரெயிலர்.

நடிகரைத் தெரிவு செய்வதும் நாலு பேர் கூடிப் பேசி எடுக்கும் முடிவு இல்லை. 1963இல் வந்த "ஃப்ரம் ரஷ்யா வித் லவ்" படத்தில், பொண்ட் ஹோட்டல் அறைக்குள் வரக் கட்டிலில் அந்த ரஷ்யப் பெண் இருப்பாளே, அந்தக் காட்சியை நடித்துக் காட்டச் சொல்லித்தான் காலங்காலமாக ஆள் பிடிக்கிறார்கள். சண்டை போடத் தெரிந்தவன் நிறையப் பேர் இருப்பான். அந்த அறைக்குள் நடந்து வந்து, சந்தேகத்தையும் ஆசையையும் ஒரே முகத்தில் காட்டத் தெரிந்தவன் குறைவு. அதோடு, ஒரு படத்துக்கு மட்டும் ஆள் எடுப்பதில்லை. பத்துப் பதினைந்து வருசம் நின்று பிடிக்க வேண்டும். ஹென்றி கவில் 2005இல் நடித்துக் காட்டினார், அப்போது அவருக்கு 22 வயது, சின்னப் பொடியன் என்று விட்டார்கள். இப்போது அவர் நாற்பதைத் தாண்டிவிட்டார். ஆனாலும் இந்தப் பொய் ட்ரெயிலர்களில் பாதி அவருடைய முகத்தை ஒட்டித்தான் ஓடுகிறது.

நீங்கள் பகிர்ந்ததையே எடுங்கள். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பாலத்தில் மழைக்குள் நிற்கிறவரின் மணிக்கூடு இடது கையில் இருக்கிறது. அடுத்த வெட்டில் அதே ஆள், அதே கோட்டு, மணிக்கூடு வலது கையில். மழைக்குள் நிற்கிறவரின் தோளில் ஒரு துளி ஈரமில்லை. காரின் பின்பக்கத்தில் இலக்கத் தகடு இருக்கிறது, அதில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் புழு நெளிகிற மாதிரிக் கோடுகள். துப்பாக்கி பிடித்த கையில் சுட்டுவிரல் விசைக்குள் போகாமல் இரும்புக்குள்ளேயே புதைந்து போகிறது. பேசுகிறவரின் வாயைக் காட்டுகிற ஒரு காட்சிகூட இல்லை, எல்லா வசனமும் முதுகுப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. இதெல்லாம் கணினி செய்த படத்தின் அடையாளம். இவ்வளவும் பார்க்க நேரமில்லை என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். வீடியோவுக்குக் கீழே "மேலும்" என்று இருப்பதை அமத்துங்கள். அதற்குள் "கொன்செப்ட் ட்ரெயிலர்", அதாவது கற்பனை ட்ரெயிலர், என்று சின்னதாக எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். பிறகு சனலின் பெயரைப் பாருங்கள். 007இன் உத்தியோகபூர்வ சனலோ அமேசன் எம்ஜிஎம் சனலோ இல்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். வாட்சப்பில் வந்த துண்டு என்றால் சனல் பெயரே தெரியாது, அதனால் அதைப் பகிரவே வேண்டாம். 2025இல் இப்படிப் பொய் ட்ரெயிலர் செய்கிற பெரிய சனல்கள் சிலவற்றின் விளம்பர வருமானத்தை யூடியூப் நிறுத்தியது. அந்த அளவுக்கு இது ஒரு வியாபாரம். உங்களுடைய ஒரு பகிர்வு அவர்களுக்குக் காசு.

"பொழுதுபோக்குத்தானே, பொய் என்றால் என்ன?" என்கிறார்கள். பொழுதுபோக்குக்கு முன்பணம் வாங்கினது யார்? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிற பொடியன்கள், வீட்டில் கேட்டு வாங்கிக் கட்டின காசு அது.

"பொண்ட் பழைய ஏகாதிபத்தியக் கதை, பெண்களை நடத்துகிற விதம் சரியில்லை" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அறுபதுகளின் படங்களில் அது உண்மை, இன்றைக்குப் பார்க்க முகம் சுளிக்கத்தான் வருகிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது இந்தப் பொய்யை நியாயப்படுத்தாது.

எனக்கு உண்மையில் தாங்க முடியாமல் போனது மற்றக் கேள்விதான். "திருகோணமலையில் இருந்துகொண்டு வெள்ளைக்காரன் படத்துக்கு இவ்வளவு துடிப்பா?" ஏன் துடிக்கக் கூடாது? இந்த ஊரின் கடலுக்கும் சினிமாவுக்கும் இருக்கிற சொந்தம் உங்களுக்குத் தெரியுமா? முதல் பொண்ட் படம் வந்த அதே 1962இல்தான் "ரன் முத்து தூவ" வந்தது. சிங்களத்தில் முதல் முழுநீள வண்ணப் படம். அதில் கடலுக்கடியில் நடக்கிற காட்சிகள் எங்கட திருகோணமலைக் கடலில் எடுத்தவை. இயக்கியவர் மைக் வில்சன், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு சேர்ந்து சுவாமி மலைக்குக் கீழே சுழியோடி, கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தவர். (பொண்ட் தயாரிப்பாளர் வில்சன் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பொண்ட் படம் பஹாமாஸ் கடலுக்குள் இறங்கி "தண்டர்போல்" எடுத்தது 1965இல். எங்கட கடலுக்குள் கமெரா அதற்கு முன்னமே இறங்கிவிட்டது. 1983 "ஒக்டோபஸி" படத்தில் பொண்டுக்குத் துணையாக வருகிற உளவாளி யார்? சென்னைத் தமிழர், டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். பாம்பாட்டி வேசத்தில் மகுடியில் பொண்ட் இசையை வாசித்துத்தான் அவர் பொண்டுக்குத் தன்னை அடையாளம் காட்டுவார். எங்கட அண்ணர்மார் அந்தக் காட்சிக்குக் கை தட்டினவர்கள். இதில் எங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல நீங்கள் யார்?

காத்திருப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. 1989க்குப் பிறகு ஸ்டூடியோ கைமாறின வழக்குகளால் ஆறு வருசம் படமே வரவில்லை. அப்போது பொண்டாக இருந்த டிமொத்தி டோல்டன் காத்திருந்து களைத்து 1994இல் விலகினார், 1995இல் "கோல்டன்ஐ" படத்தோடு பியர்ஸ் புரொஸ்னன் வந்தார். அந்தக் காலம் இங்கே எப்படி இருந்தது என்று இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊரடங்கு, கரண்ட் இல்லை, தியேட்டர் என்ற பேச்சே இல்லை. என் பெரியம்மாவின் மகன் "கோல்டன்ஐ" பார்த்தது வாடகைக்கு எடுத்த டெக்கில், ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, பத்துப் பேரிடம் காசு சேர்த்து. அப்படிக் காசு சேர்த்த காலத்திலும் வராத படத்துக்கு யாரும் சேர்க்கவில்லை. 2008க்குப் பிறகு எம்ஜிஎம் வங்குரோத்தாகி நாலு வருசம் போனது. 2020 ஏப்ரலில் வர இருந்த படம் கொரோனாவால் தள்ளித் தள்ளி அடுத்த வருசம் செப்டெம்பருக்குப் போனது. காத்திருந்தோம்தானே. யாரும் செத்துப் போகவில்லை.

குழுவை நடத்துகிற அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணன், அந்தப் பதிவை எடுங்கள். எடுத்துவிட்டு, அது பொய் என்று மேலே ஒரு வரி போட்டுக் குத்தி வையுங்கள். அந்தப் பொடியனைத் திரும்பச் சேருங்கள். மன்னிப்பு வேண்டாம், சேர்த்தால் போதும்.

இனி, செத்துப்போன பொண்டை எப்படித் திரும்பக் கொண்டுவருவார்கள் என்று கேட்டவர்களுக்கு. 2021 படத்தின் முடிவு எனக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் பிடிக்கவில்லை. இருபத்தைந்து படம் பார்த்தவனுக்கு ஏவுகணையில் அப்படி ஒரு முடிவு தேவையில்லை. ஆனால் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். 2006இல் என்ன செய்தார்கள்? இப்போதுதான் இரண்டு கொலை செய்து, கொல்ல அனுமதி தருகிற 00 இலக்கம் வாங்குகிறான் என்று புதிதாகத் தொடங்கினார்கள். பொண்டின் மேலதிகாரி "எம்" வேசத்தில் பழைய படங்களின் அதே ஜூடி டென்ச்தான் வந்தார், யாரும் கணக்குக் கேட்கவில்லை, படம் நன்றாக இருந்தது. அதேபோல் தொடங்கட்டும். முப்பதைத் தாண்டின, பெரிதாகப் பெயர் தெரியாத ஒருவர் எனக்குப் போதும். கிரேய்க்கை "மஞ்சள் தலைமயிர்" என்று திட்டி, படத்தையே புறக்கணிப்போம் என்று இணையத்தளம் தொடங்கினவர்கள், படம் வந்த பிறகு அவரைத் தலையில் தூக்கி வைத்தார்கள். வில்னெவ் டியூனை முடித்துவிட்டு ஆறுதலாக வரட்டும். நடிகர் பெயர் வந்தால், உத்தியோகபூர்வ இணைப்போடு நானே இந்தப் பக்கத்தில் போடுகிறேன். வேனை அதற்குப் பிறகு பேசுவோம்.