சையத் பாஷா மலை டி-ஷர்ட்

போன வாரம் மண்டி வாசலில் ஒரு பையனைப் பார்த்தேன். பெங்களூரா காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். கிரேட்டைத் தூக்கி வண்டி மேலே இருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அவன் நெஞ்சில் இருந்த படம் கண்ணில் பட்டது. கறுப்புத் துணி, வெள்ளைக் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக அலை அலையாக. இங்கிலாந்து இசைக்குழு ஜாய் டிவிஷனின் ஆல்பம் அட்டைப் படம்! கிருஷ்ணகிரியில்! மாங்காய் மண்டியில்!

"தம்பி, இந்தப் படம் என்னன்னு தெரியுமா?"

"தெரியாதுண்ணா. சந்தையில நூத்தம்பது ரூபா. நம்ம சையத் பாஷா மலை மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் இதை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பங்க் என்கிற கத்தல் ராக் இசைக்குப் பைத்தியமாகி ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கிற பழைய ஆட்கள் நாங்கள், எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒருத்தர் எழுதினார்: "மூணு பாட்டுப் பேர் சொல்லச் சொல்லு. தெரியலைன்னா கழட்டச் சொல்லு." நானும் அதற்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அதுதான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கோடுகள் என்னவென்று முதலில் சொல்லிவிடலாம். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, வானத்திலிருந்து கடிகாரம் மாதிரி விட்டுவிட்டு வரும் ரேடியோ துடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். பல்சார் என்கிறோமே, அதில் முதலாவது அதுதான். அதன் துடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரைந்த படம் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் வந்தது. 1979இல் ஜாய் டிவிஷன் என்ற மான்செஸ்டர் பையன்கள் நாலு பேர் 'அன்நோன் பிளஷர்ஸ்' என்று முதல் ஆல்பம் போட்டபோது, அட்டையை வடிவமைத்த பீட்டர் சாவில் அந்தப் படத்தைக் கறுப்பு அட்டையில் வைத்தார். முன்பக்கத்தில் இசைக்குழுவின் பேர் கிடையாது. ஆல்பத்தின் பேரும் கிடையாது. செய்தவனே பேர் போடவில்லை, அதைப் போட்டிருக்கிற பையனிடம் போய் நாங்கள் பேர் கேட்கிறோம்!

இப்போது என் கதை.

அப்பா மண்டியில் கணக்கு எழுதினார். வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம் சிற்றலை பிடிக்கும் ரேடியோ. ராத்திரி பிபிசி தமிழோசை கேட்பார். முடிந்ததும் அணைக்காமல் என்னிடம் விட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார். எதற்கு அப்படி விட்டார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் முள்ளைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். 1985, எனக்கு 16 வயது. ஒரு ராத்திரி இங்கிலீஷ் பிபிசியில் அவசரமே இல்லாத ஒரு குரல் மாட்டியது. பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஜான் பீல். இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் சுழலவிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கிற ஆள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று அவர் போட்ட பாட்டு இரண்டரை நிமிஷம்கூட ஓடவில்லை. அதிலும் பாதியைச் சிற்றலை விழுங்கிவிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து மேலே வருவதும் மறுபடி முங்குவதுமாக ஒரு கிடார். வார்த்தை ஒன்றுகூடப் புரியவில்லை. பாடியவனுக்குப் பாட வரவில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அது ஏன் எனக்குப் பெரிய விஷயம் என்றால், அதற்கு இரண்டு வருஷம் முன்பு என்னைப் பாட்டு வகுப்பில் சேர்த்தார்கள். ஸரளி வரிசை மூணாவது நாளே வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு, "பையனுக்குச் சாரீரம் இல்லீங்க, பணத்தை வீணாக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல மனுஷன், உண்மையைத்தான் சொன்னார். ஆனால் சாரீரம் இல்லாத ஒருத்தன் லண்டன் ரேடியோவில் தொண்டை கிழியக் கத்துகிறான், அவனை அந்தப் பெரியவர் மரியாதையாக அறிமுகப்படுத்துகிறார். போர்வைக்குள் ரேடியோவோடு உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்துவிட்டார்கள்.

1988இல் அன்னை சத்யா பஸ் ஏறி பெங்களூர் போனேன். பிரிகேட் ரோட்டில் கேசட் பதிந்து கொடுக்கிற கடை ஒன்று. 60 நிமிஷ கேசட் ஒன்றுக்குத்தான் கையில் காசு. ராமோன்ஸ் என்ற நியூயார்க் பங்க் குழுவின் முதல் ஆல்பத்தை வாங்கியிருந்தால் கணக்கு பிரமாதமாக வந்திருக்கும். 1976இல் வந்தது, 14 பாட்டு, மொத்தமே 29 நிமிஷம், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். நான் கேட்டதோ லண்டன் பங்க் குழு கிளாஷ் போட்ட 'லண்டன் காலிங்'. எங்கள் ஊரிலேயே ஒரு லண்டன்பேட்டை இருக்கிறது, அந்தப் பாசம்தான், வேறு காரணம் இல்லை. 1979 டிசம்பரில் வந்த இரட்டை இசைத்தட்டு அது. ஒற்றைத் தட்டு விலைக்கே விற்க வேண்டும் என்று கம்பெனியோடு மல்லுக்கட்டி வாங்கினார்கள். நீளம் 65 நிமிஷம். 60 நிமிஷ கேசட்டில் 65 நிமிஷத்தைத் திணித்தால் என்ன ஆகும்? முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு விழவே இல்லை. இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தது.

கடைக்காரர் இசைத்தட்டு அட்டையைப் பார்த்துப் பாட்டுப் பேர்களைக் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் 18 பேர். கேசட்டின் கடைசியில் பாதியில் அறுகிற பாட்டுக்குப் பேரே இல்லை. கடைக்காரர் மறந்துவிட்டார் என்று பத்து வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் மேல் தப்பில்லை. அட்டை அச்சுக்குப் போன பிறகு கடைசி நேரத்தில் சேர்த்த பாட்டு அது, 'ட்ரெய்ன் இன் வெய்ன்'. முதல் பதிப்பின் அட்டையில் அதன் பேரே அச்சாகவில்லை. ஆக என் கேசட்டில் பேர் இருந்து பாட்டு இல்லாதது ஒன்று, பாட்டு இருந்து பேர் இல்லாதது ஒன்று. அந்தப் பேர் தெரியாத பாதிப் பாட்டைத்தான் வாழ்க்கையிலேயே அதிகம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு முழுசாகக் கேட்டாலும் அறுந்த இடம் வரும்போது உடம்பு தானாகக் கேசட்டைத் திருப்பிப் போடத் தயாராகிறது.

குரூப் நண்பரே, 1988இல் நீங்கள் என் எதிரில் நின்று பேர் கேட்டிருந்தால் நானும் சட்டையைக் கழற்றியிருக்க வேண்டியதுதான்.

"டி-ஷர்ட் போட்டுக்கொண்டு திரிகிற கூட்டம்" என்று கேலி பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு உருவானதே துணிக்கடையில்தானே ஐயா. லண்டன் கிங்ஸ் ரோட்டில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய கடை. 1975இல் ஜான் லைடன் என்கிற பையனை அவர்கள் பிடித்ததே அவன் போட்டிருந்த டி-ஷர்ட்டைப் பார்த்துத்தான். பிங்க் ஃபிளாய்ட் டி-ஷர்ட், அதன் மேலே 'எனக்குப் பிடிக்காது' என்று பேனாவால் கிறுக்கியிருந்தான். பாடத் தெரியுமா என்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. ஜூக்பாக்ஸில் ஆலிஸ் கூப்பர் பாட்டை ஓடவிட்டு வாயசைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான் நேர்காணல். இரண்டு வருஷத்தில் அதே பையன் ராணியின் வெள்ளிவிழா சமயத்தில் ராணியையே கிண்டல் செய்து பாடினான். பிபிசி தடை போட்டது. தடையோடு பாட்டு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது.

ராமோன்ஸ் கதையும் அப்படித்தான். அந்தக் கழுகுச் சின்னத்தை வரைந்த ஆர்ட்டுரோ வேகா, கச்சேரிக்குக் கச்சேரி டி-ஷர்ட் மூட்டையோடு கூடவே போனவர். ஆல்பம் விற்கவில்லை, டி-ஷர்ட் விற்றது. முதல் ஆல்பத்துக்கு அமெரிக்காவில் 5 லட்சம் விற்றதற்கான தங்கச் சான்று கிடைத்தது 2014இல், வந்து 38 வருஷம் கழித்து. அப்போது அசல் நாலு பேரில் உயிரோடு இருந்தவர் டாமி ஒருத்தர்தான். அதே வருஷம் ஜூலையில் அவரும் போய்விட்டார்.

பங்க்கில் எல்லாமே புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. அதிர்ச்சி கொடுக்கிறேன் பேர்வழி என்று நாஜிச் சின்னத்தை மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வயசுக்கோளாறு என்று அதற்குச் சால்ஜாப்பு சொல்லமாட்டேன். 1978இல் விக்டோரியா பார்க்கில் இனவெறிக்கு எதிரான கூட்டத்தில் கிளாஷ் வாசித்ததும் அதே லண்டனில்தான். நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

குரூப்பில் ஓயாத இன்னொரு சண்டை: பங்க் அசல், நியூ வேவ் காசுக்கு விலைபோனது. எனக்கு இது அறவே ஆகாது. 'பங்க்' என்றாலே அமெரிக்க வானொலிக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள், அதனால் சரக்கை விற்க இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒட்டிய லேபிள்தான் நியூ வேவ். ஒத்துக்கொள்கிறேன். அதனால் என்ன? நியூயார்க்கில் சிபிஜிபி என்று ஒரு கிளப் இருந்தது. கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்பதன் சுருக்கம் அந்தப் பேர். எதற்குப் பேர் வைத்தார்களோ அதைத் தவிர மற்றதற்கெல்லாம் புகழ்பெற்ற கடை. ராமோன்ஸ் ஏறிய அதே மேடையில்தான் நியூ வேவ் குழுக்களான பிளாண்டியும் டாக்கிங் ஹெட்ஸும் ஏறினார்கள். சாரீரம் இல்லாதவனும் உள்ளே வரலாம் என்று ராமோன்ஸ் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்று கிடாரில் அதே மூன்று சுரக்கூட்டையே அடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? டாக்கிங் ஹெட்ஸ் 1980இல் போட்ட 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்தைக் கேளுங்கள். நைஜீரியாவின் ஃபேலா குட்டியைக் கேட்டுக் கேட்டு ஊறிப்போய்ச் செய்தது. ஒரே தாளம், விடாமல் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்காரர் அருள் வருகிறவரைக்கும் விடமாட்டாரே, அந்த மாதிரி. எனக்கு இன்றைக்கும் அதைக் கேட்டால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. அது விலைபோனது என்றால் போகட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஜாய் டிவிஷனுக்கே வாருங்கள். 1980 மே 18, அமெரிக்கப் பயணம் கிளம்புவதற்கு முதல் நாள், பாடகர் இயன் கர்ட்டிஸ் தன்னை முடித்துக்கொண்டார். வயது 23. மீதி மூன்று பேரும் பேரை மாற்றி நியூ ஆர்டர் ஆனார்கள். 1983இல் எந்திரத் தாளத்தோடு 'ப்ளூ மண்டே' போட்டார்கள். 12 அங்குல ஒற்றைத் தட்டுகளில் அதைவிட அதிகம் விற்றது எதுவும் இல்லை. துக்க வீட்டிலிருந்து எழுந்து வந்து ஆடுகிற ஆட்டம் அது. அதைப் போய் 'வியாபாரம்' என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

"வெள்ளைக்காரன் கத்துறதுக்கும் கிருஷ்ணகிரிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று மச்சான் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். சம்பந்தம் இருந்தால்தான் கேட்க வேண்டுமா என்பது ஒரு பதில். இன்னொன்றும் வைத்திருக்கிறேன். 1982இல் கிளாஷ் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்று ஒரு பாட்டுப் போட்டார்கள். எங்குமே வேண்டாதவர்களாகிப்போன குடியேறிகள், கலப்புக் குழந்தைகள் பற்றியது. 25 வருஷம் கழித்து லண்டன் பெண் ஒருத்தி அந்தக் கிடாரை வைத்து 'பேப்பர் பிளேன்ஸ்' செய்தாள். உலகமே ஆடியது. அவள் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போன நம் பெண். அந்த ஆல்பத்துக்கு வைத்த பேர் 'கலா', அவள் அம்மாவின் பேர். அதற்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளம் பதிவு செய்துகொண்டு போனாள். கிளாஷின் ஜோ ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பரிலேயே இறந்துவிட்டார், அவர் கேட்கவில்லை. மச்சானுக்கு இதைச் சொன்னபோது "உறுமியா?" என்று மட்டும் கேட்டார். பாட்டைப் போட்டுக் காட்டினேன். கரும்பைக் கடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

தூக்கம் வராததற்கு அசல் காரணத்தை இன்னும் சொல்லவில்லை. மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது எங்கேயோ 'ப்ளூ மண்டே'யைக் கேட்டுவிட்டு வந்து, "அப்பா, இது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. கொடுக்காமல், "அதைக் கேட்கிறதுக்கு முன்னாடி ஜாய் டிவிஷன் கேளு, அதுக்கு முன்னாடி பிஸ்டல்ஸ், அதுக்கும் முன்னாடி..." என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். ஸரளி வரிசை மாதிரி. "சரிப்பா" என்று வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம் பாட்டு பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கோயம்புத்தூரில் வேலை, காதில் எப்போதும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பாட்டு வாத்தியாராவது எனக்கு மூணு நாள் கொடுத்தார்.

நேற்று மறுபடி மண்டிக்குப் போனேன். பையன் இருந்தான், அதே டி-ஷர்ட், மாங்காய்ப் பால் பட்டுக் கறை ஏறியிருந்தது. பேர், வரலாறு, பல்சார் எதையும் சொல்லவில்லை. போன் நம்பர் வாங்கி ஒரு பாட்டை மட்டும் அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்குப் பதில் வந்தது, குரல் பதிவு. பின்னால் லாரி சத்தம்.

"அண்ணா, கேட்டேண்ணா. அந்த ஆளு என்னாண்ணா, தூங்கி எழுந்து வந்த மாதிரி பாடுறாரு. பாட்டு அவ்ளோ ஒண்ணும் இல்ல. டிரம்மு மட்டும் செமண்ணா. லோடு ஏத்துறப்ப போட்டா நல்லா இருக்கும். இதே மாதிரி டிரம்மு இருக்கிறது வேற இருந்தா அனுப்புங்க."

நாலு அனுப்பியிருக்கிறேன். அதில் உறுமி ஒன்று. குரூப்பில் போட்ட கட்டைவிரலையும் எடுத்துவிட்டேன்.