நடக்கலாம் என்று சொன்னது யார்?

சேலத்தில் வீடு இருந்தால் போதும், மே மாத விடுமுறைக்கு ஏற்காடும் நம் சொத்து என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் காலை 6 மணிக்குக் கிளம்பலாம் என்று இரவே பேசி வைத்தாலும், 9 மணிக்குத்தான் சித்தப்பா இரண்டாவது காபி கேட்பார். அதற்குள் அடிவாரத்தில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் ஒரு பொடியனாவது வாந்தி எடுப்பான். (வயிறு முட்டப் பூரி ஊட்டிய அத்தையை யாரும் எதுவும் கேட்பதில்லை.)

"கிளியூர் அருவிக்கு நடந்தே போகலாம்" என்று குதித்தவர்களின் காலைப் பார்க்க வேண்டுமே, ஹீல்ஸ்! இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். கோடையில் மழை இல்லாவிட்டால் அங்கே வெறும் பாறைதான் என்று தலைப்பாடாகச் சொன்னேன். யார் கேட்டார்கள்? கீழே போய், "தண்ணியே இல்லையே" என்று என்னை முறைக்கிறார்கள், நான்தான் குழாயை மூடிவிட்டு வந்த மாதிரி. திரும்பி ஏறும்போது எல்லார் பையும் என் தோளில்.

இரவு சாப்பிடும்போது மச்சான் சொல்கிறார், அடுத்த வருஷம் கொல்லிமலையாம். அங்கே 70 வளைவு. ஆகாய கங்கை அருவிக்குப் படியே ஆயிரத்துக்கு மேல்.